நிக்கல் என்றால் சிக்கன்

செப்டம்பர் 8, திங்கள்

அப்பாவுக்கும் எனக்கும் இன்று மறுபடியும் முட்டிக்கொண்டது. இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்க ஒரு ஆள் கிடையாது. அதனால் இன்றிலிருந்து டைரியில் எழுதுவதென்று முடிவு. டைரியாவது பாதிப் பேச்சில் எழுந்து டீ குடிக்கப் போகாது.

கோவை கணபதியில் எங்களுக்கு ஒரு சின்னக் கம்பெனி. மைக்செட்காரர்கள் பி-38 என்று கேட்டு வாங்கும் ஜாக்பின் செய்கிறோம். மைக் வயரின் முனையில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, ஆம்ப்ளிஃபயரில் சொருகுவார்களே, அதுதான். உடம்பு பித்தளை. சும்மா விட்டால் கறுத்துப்போகும் என்பதால் மேலே ஒரு முலாம். இதுவரை மெல்லிய நிக்கல்தான் போட்டோம். இப்போது சேலத்து டீலர் ஒருவர், "பேரு சொல்ற மாதிரி ஒரு புது அயிட்டம் போடுங்க, முழுக்க நானே எடுத்துக்கறேன்" என்றிருக்கிறார். விஜயதசமி அன்று என்ன முலாம் என்று முடிவு செய்து வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நல்ல நாளாம்.

என்ன முலாம் என்பதில்தான் சண்டையே. அப்பா, பெயர் குழந்தைவேலு, வயது அறுபத்திரண்டு, பிடிவாதம் அதற்கும் மேலே. தங்கம்தான் என்கிறார். அயிட்டத்துக்கு ஸ்வர்ணா என்று பெயர்கூட வைத்துவிட்டார். நான் கெட்டி நிக்கல் என்கிறேன். தங்கம் கறுக்காது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் விலைக்குக் கிடைக்கும் தங்கம், தும்மினால் பறக்கிற கனத்தில்தான் இருக்கும். போதாததற்கு அது மெத்தென்ற உலோகம். கல்யாண மண்டபத்தில் மைக்செட்காரர்கள் சொருகிப் பிடுங்குகிற வேகத்துக்கு, பொங்கலுக்குள் பித்தளை பல்லை இளித்துவிடும்.

இத்தனையையும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொன்னேன். கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். கடைசியில், "செரி, அப்ப தங்கமே போட்டரலாம்" என்றார்.

இவ்வளவு நெஞ்சழுத்தம் பிடித்த மனிதரை நான் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 10, புதன்

வாயால் சொன்னால் எடுபடவில்லை என்றால் செய்து காட்ட வேண்டியதுதான். தங்கம், வெள்ளி, நிக்கல் என்று மூன்று முலாமிலும் சாம்பிள் போட்டு வாங்கிவந்தேன். பழைய ஆம்ப்ளிஃபயரை அம்மாவின் மடியில் வைத்து, தங்கப் பின்னைச் சொருகிச் சொருகிப் பிடுங்கச் சொன்னேன். அம்மா டிவி சீரியல் பார்த்துக்கொண்டே செய்தார். மாமியார் மருமகளை வீட்டை விட்டுத் துரத்திய காட்சியில் நல்ல வேகம் கிடைத்தது. அடுத்து நிக்கல் பின்னைக் கொடுத்தேன். மருமகள் திரும்பி வந்துவிட்டதால் அதற்கும் குறைவில்லை.

அப்பா டிவியை வைக்கிற சத்தத்துக்கு, எதிர்வீட்டு ருக்மணியக்கா தன் டிவியை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து எங்கள் சீரியலையே கேட்டுக்கொள்கிறார். கரண்ட் மிச்சம் என்கிறார். சத்தத்தைக் குறையுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அப்பா காதில் வாங்குவதே இல்லை.

செப்டம்பர் 13, சனி

முடிவுகள். தங்கப் பின் நுனியில் பித்தளை எட்டிப் பார்க்கிறது. நிக்கல் அப்படியே இருக்கிறது. வெள்ளிதான் மின்சாரத்தை எல்லாவற்றையும்விட நன்றாகக் கடத்தும் என்று படித்தது சரிதான். ஆனால் சமையலறை ஜன்னலில் வைத்ததில் பழைய கொலுசு மாதிரி கறுத்துவிட்டது. கோவில் விசேஷத்துக்குக் கறுத்த பின்னை எவன் வாங்குவான்?

வியர்வையில் இருக்கிற புளிப்பு, உப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதால் மூன்றிலும் ஒவ்வொன்றை எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் போட்டிருந்தேன். அறிவியல்பூர்வமான இந்தச் சோதனையை இன்று மதியம் அம்மா தயிர்சாதத்தோடு கண்டுபிடித்தார். தேய்ந்த தங்கப் பின் பச்சையாகியிருந்தது. அம்மாவின் முகம் சிவப்பாகியிருந்தது.

"ஏன்டி, நீயெல்லாம் ஒரு பொம்பளப் புள்ளையா? ஊறுகாய்ல இரும்பைப் போட்டு வெச்சிருக்கறயே!"

"இரும்பில்லைம்மா, பித்தளை."

அதற்கு அப்புறம் அம்மா சொன்னதை எழுத வேண்டாம்.

செப்டம்பர் 17, புதன்

இன்று புரட்டாசி முதல் தேதி. பச்சையாகிப்போன தங்கப் பின்னையும் பளிச்சென்ற நிக்கல் பின்னையும் கொண்டுபோய் அப்பா மேசையில் வைத்தேன். பிரஸ் மிஷின் டங்கு டங்கு என்று அடித்துக்கொண்டிருந்தது.

"நல்லாப் பாருங்கப்பா. எனக்கு நிக்கல்தான் வேணும்" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மிணி, புரட்டாசி பொறந்த அன்னைக்கே சிக்கன் கேக்கறயே. உங்கம்மா காதுல விழுந்தா என்னாகும்?"

மிஷினில் இருந்த பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். என்னை நாலு பேருக்கு முன்னால் நக்கல் அடிக்கிறார். பச்சைப் பின்னைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "கெட்டியா முலாம் போட்டாச் செரியாப் போயிரும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஸ்ஸுக்கு அடியில் தலையைக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஓசூரில் ஒரு பெரிய கனெக்டர் கம்பெனியில் எனக்கு வேலை தயாராக இருக்கிறது. ஆறு மாதமாகக் கூப்பிடுகிறார்கள். முலாம் பிரிவு முழுக்க என் பொறுப்பில். நான்தான் அப்பாவை விட்டுப்போக மனசில்லாமல் சால்ஜாப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று முடிவெடுத்துவிட்டேன். விஜயதசமி அன்று தங்கம் என்று முடிவானால் நான் ஓசூர் போகிறேன். என் பேச்சுக்கு மதிப்பில்லாத இடத்தில் எதற்கு இருக்க வேண்டும்?

அப்பாவிடம் நேராகவே சொன்னேன்.

"அப்பா, நான் ஓசூர் போறேன்."

பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார். "சூலூருக்கா? போறதுன்னா அந்த டை செட்டையும் எடுத்துட்டுப் போயி குடுத்துரு. அங்க லேத்துக்காரன் ரெண்டு நாளாக் கேட்டுட்டு இருக்கறான்."

பெற்ற மகள் ஊரை விட்டே போகிறேன் என்கிறாள், டை செட்டைக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறார். எவ்வளவு இளக்காரம்! மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் சூலூர் போய் டை செட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று முழுக்க அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

எரிகிற தீயில் அம்மா ஊற்றிய எண்ணெய்: மாப்பிள்ளை.

"பையன் கோபிப் பக்கம். ஈரோட்டுல வேலை. பேரு நவநீதன். சவுண்டு இஞ்சினீராமா. காது விசயத்துல அவரை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு புரோக்கர் சொல்றாரு. நம்ம தொழிலுக்குன்னே பொறந்த மாதிரி இல்ல?"

"புரட்டாசியில பொண்ணு பாக்க வருவாங்களா?"

"விஜயதசமி அன்னிக்கு எதையும் பாக்க வேண்டியதில்ல. கம்பெனி பூசைக்கு வர்ற மாதிரி வந்துட்டுப் போறாங்க."

தப்பிக்க வழியே இல்லாமல் செய்வதில் அம்மாவை மிஞ்ச முடியாது. போட்டோ காட்டினார். காது சாதாரண அளவில்தான் இருந்தது. முகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மீசை பரவாயில்லை. இந்தச் சவுண்டு இஞ்சினியர்கள் எல்லாம் தங்கப் பின் போட்டால் வயலினில் விரல் நகருவதுகூடக் கேட்கிறது என்று கதை விடுகிற கூட்டம். அப்பாவுக்கு ஆள் பலம் கூடப்போகிறது.

போட்டோவை நன்றாகப் பார்க்கக்கூட இல்லை. சட்டை நீலம், கட்டம் போட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒரு யோசனை. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

விஜயதசமி அன்று எல்லோர் முன்னாலும் ஒரு கேட்கும் போட்டி. மூன்று பின்களுக்கும் ஒரே மாதிரி கறுப்பு உறை. நம் ஃபோர்மேன் மயில்சாமி அண்ணன் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆம்ப்ளிஃபயரில் சொருகுவார். ஒரே நாதஸ்வரப் பாட்டு, மூன்று தடவை. எது தங்கம் என்று அப்பா காதாலேயே கண்டுபிடித்துவிட்டால் தங்கம். தவறினால் நிக்கல்.

இதில் என் குசும்பு என்னவென்றால், மூன்றுமே நிக்கல். அப்பா எதைத் தங்கம் என்று சொல்லிச் சொக்கினாலும் சரி, மாப்பிள்ளை எதில் விரல் நகருவதைக் கேட்டாலும் சரி, நான் உறையைக் கழற்றிக் காட்டுவேன். இரண்டு பேர் மூக்கும் ஒரே நேரத்தில் உடையும்.

வாயால் சொன்னால் வேலைக்காகாது என்று போட்டி விதிகளைக் கம்பெனி போர்டில் பெரிதாக எழுதிப் போட்டேன். மூன்றும் நிக்கல் என்பதைத் தவிர. அப்பா வந்தார், படித்தார், "பலே! வெச்சுக்கலாம்" என்றார். ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லை. எழுதினால் ஏறுகிறது, சொன்னால் மட்டும் ஏறவில்லை. என்ன மண்டையோ.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அம்மாவின் ராஜ்ஜியம். லேத், பிரஸ், ஸ்பேனர், வண்டி, மிக்ஸி, என் லேப்டாப், அதன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஒரு ஸ்க்ரூகூட விட்டுப்போகக் கூடாது என்று என் மேசை டிராயர் சாவியையும் வாங்கிக்கொண்டார். பொரி கடலையைத் தின்றபடி கொடுத்துவிட்டேன்.

நாளைக்குக் கட்ட ஒரு சேலை எடுத்து வைத்தேன். கம்பெனி பூஜைக்காக.

அக்டோபர் 2, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

பத்து மணிக்கு ஒறம்பரை வந்தார்கள். நவநீதனும் அவர் அம்மாவும். அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. வந்ததும் அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாகப் பேசினார். அப்பாவும் அதிசயமாகக் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். நன்றாக ஐஸ் வைக்கத் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜை முடிந்து போட்டி. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். முதல் பின். அப்பா, "ம்ம்" என்றார். இரண்டாவது பின்.

"ரெண்டாவது கொஞ்சம் குளுகுளுன்னு இருக்குதுங்" என்றார் நவநீதனின் அம்மா.

"உங்களுக்கு எப்படீங்க?" என்று நவநீதனைக் கேட்டேன், பொறியில் எலி விழக் காத்திருக்கும் ஆவலோடு.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது" என்றார்.

இது என் திட்டத்தில் இல்லை. ஒரு சவுண்டு இஞ்சினியர் இப்படி உண்மை பேசலாமா?

மூன்றாவது பின். கர்ரக் கர்ரக் என்று ஒரு சத்தம். நாதஸ்வரம் விட்டு விட்டு, தகரத்தை ஆணியால் கீறுவது போல வந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டார். நவநீதனின் அம்மா கையிலிருந்த காப்பி தளும்பிச் சேலையில் கொட்டியது. பீரோவுக்குப் பின்னாலிருந்து மயில்சாமி அண்ணன், "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலீங்" என்று கத்தினார்.

அப்பா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. தொடையில் தாளம் போட்டபடி சிரித்தார்.

"இதுதான்! இதுதான் தங்கம்! எத்தன சுத்தமா வருது பாத்தியா?"

ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டே இருந்தது. அப்பா கண்ணைத் திறந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது, ஆனால் என்ன என்று தெரியவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. உறையைக் கழற்றி, 'மூணுமே நிக்கல்' என்று சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். அதை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் போய் அணைத்தேன்.

நவநீதன்தான் அவர் பக்கம் குனிந்து சொன்னார். "ஆமாங்க மாமா. மூணாவது தனியாத் தெரியுதுங்க."

"அப்படிச் சொல்லு மாப்ள!" என்று அப்பா அவர் முதுகில் தட்டினார். "அம்மிணி, போர்டுல எழுதின பிரகாரம் தங்கம்தான். திங்கக்கெழமை முலாமுக்கு அனுப்பிச்சுரு."

மயில்சாமி அண்ணன் பீரோவுக்குப் பின்னால் பின்னைப் பிடுங்கிக் காட்டினார். நுனி முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். சிக்னல் போவதே அந்த நுனி வழியாகத்தான். என் டிராயரில் இருந்த மற்ற இரண்டுக்கும் அம்மா நேற்று உறைமேல் பொட்டு வைத்திருக்கிறார். இதற்கு மட்டும் மூக்கு நுனியில்.

"தொடைச்சுட்டுச் சொருகறதுக்கென்னங்ண்ணா?"

"சாமிக்கு வெச்ச சந்தனத்தை நான் எப்படிங்ம்மிணி தொடைக்கறது?"

அப்புறம் வழக்கப்படி, பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று எங்களைக் காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் விட்டார்கள். சமைக்கத் தெரியுமா என்று கேட்பார், சாம்பிள் ஊறுகாய் கொண்டுவருகிறேன் என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

"உங்கப்பாவுக்கு எப்ப இருந்துங்க கேக்கறதில்ல?" என்றார்.

"எங்கப்பா எப்பவுமே யார் பேச்சையும் கேக்க மாட்டாருங்."

"நீங்க சொல்றது கேக்க மாட்டாருங்கறது. நான் கேக்கறது, காது கேக்குதான்னுங்க."

சிக்கன். சூலூர். எதிர்வீடு வரை கேட்கும் டிவி. போர்டில் எழுதினால் ஏறுகிற விஷயம், மிஷின் பக்கத்தில் சொன்னால் ஏறாதது. ஒவ்வொன்றாக வந்து என் கன்னத்தில் அறைந்தது. முப்பது வருஷம் அந்தப் பிரஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். நான் அவரை நெஞ்சழுத்தம் என்றேன், இளக்காரம் என்றேன். பெண் பார்க்க வந்தவர் முன்னால் சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்திய முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

"நீங்க சவுண்டு இஞ்சினியர்னாங்களே?" என்று கேட்டேன், வேறு எதுவும் தோன்றாமல்.

"காது பரிசோதிச்சு மிஷின் வெச்சு விடறதுங்க என்ற வேலை. புரோக்கர் கொஞ்சம் முலாம் பூசிட்டாரு."

"மூணாவது தனியாத் தெரியுதுன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"ஏனுங்க, தனியாத் தெரியலைங்களா?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். கம்பெனி வாசலில் அம்மாவும் அவர் அம்மாவும் இதை எட்டிப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டார்கள். இது சம்மதச் சிரிப்பு இல்லை என்று இனி இவர்களை எப்படி நம்பவைப்பது என்று தெரியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

அப்பா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, "அப்பா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டேன். அப்புறம் முன்னால் போய் நின்றேன். "என்ன கண்ணு, வந்ததே தெரியல" என்றார்.

அக்டோபர் 4, சனி

அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா, அரிசி களைந்துகொண்டே. "அது ஆச்சு மூணு நாலு வருசம்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"டாக்டர்கிட்டப் போலாம்னேன். காது கேக்கறவனைச் செவிடுங்கறயான்னு ரெண்டு நாள் சோறு திங்கல. பொறவு யோசிச்சுப் பாத்தேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து மனசுல இருக்கறதை எல்லாம் அவரு முன்னாலயே சத்தமாத் திட்டிக்கலாம். எனக்கும் சவுகரியமாத்தான் இருக்குது."

இவரிடம் போய் நான் குசும்பு கற்றுக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

முலாம் கடைக்காரரிடம் போனில் பேசி, தங்கக் கரைசல் வரவில்லை, ஒரு வாரம் ஆகும் என்று அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அப்பா படித்துவிட்டுத் தலையாட்டினார்.

நவநீதனோடு பேசினேன். தொழில் விஷயமாக. நேராகச் சொன்னால் யாருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்கிறது கேட்கிறது என்று ஓரியாடிச் சண்டைக்கு வருவார்கள் என்கிறார். வேறு வழி பார்க்க வேண்டுமாம். அவருக்குக் காப்பியில் சர்க்கரை பாதிதான் போட வேண்டுமாம்.

அக்டோபர் 9, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. அவரும் சாதாரண ஆள் இல்லை. அமுக்குணி. இரண்டு பேரும் சேர்ந்து போனில் சிரித்த சிரிப்பில் ருக்மணியக்காவே எட்டிப் பார்த்தார்.

ஓசூரில் இருந்து போன் வந்தது. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். அப்பாவின் காது வேறு, தங்கம் வேறு. காது கேட்ட பிறகும் அவர் தங்கம்தான் என்றால், அப்போது அது நிஜமாகவே என் பேச்சைக் கேட்காததுதான். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. முன்பு கோபத்துக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

நவநீதன் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு காது மிஷினை வைத்து நீட்டினார். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்.

"மாமா, இதுல ஒரு தொந்தரவுங்க. கான்டாக்ட்ல ஏதோ முலாம் போட்டிருக்கறாங்க. என்னன்னு எங்க யாருக்கும் தெரியல. உங்களை மாதிரி பாத்துப் பழகினவங்க வேணும்."

அப்பாவுக்கு முதுகு நிமிர்ந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கமாக்கும்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "பாத்தியா? வெவரமானவங்க தங்கம்தான் போடறாங்க!"

"ஆனா கான்டாக்ட் சரியா இருக்குதான்னு ஆளு போட்டுப் பாத்தாத்தாங்க தெரியும்" என்றார் நவநீதன். "எனக்குப் போட்டா அளவு சேரல."

அப்பா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அப்புறம் என்னை. அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. "செரி, போட்டுப் பாத்துச் சொல்றேன்" என்று காதைக் காட்டினார். நவநீதன் பெட்டியிலிருந்து இன்னொன்றையும் எடுத்து இரண்டு பக்கமும் மாட்டி, லேப்டாப்பில் என்னவோ தட்டினார்.

அப்பா மேலே பார்த்தார். "இந்த ஃபேன் எப்பவுமே இப்படித்தான் கத்துமா?"

சமையலறையிலிருந்து அம்மா வழக்கம்போல, "கெழவனுக்கு வெளையாட ஒரு பொம்மை கெடச்சிருச்சு" என்றார்.

"யாருடி கெழவன்?" என்றார் அப்பா.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் குரலே வரவில்லை. நவநீதன் சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டியை மூடுகிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டார்.

நானும் அப்பாவும் மட்டும். பழக்கதோஷத்தில் அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். "அப்பா! காதுக்குத் தங்கம் சரி! ஆனா மைக்குக்கு..."

அப்பா இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினார். "எதுக்கு இந்தக் கத்துக் கத்தறே? பக்கத்துலதான உக்காந்திருக்கறேன்."

மூச்சை இழுத்துவிட்டு, சாதாரணக் குரலில் சொன்னேன்.

"நாளைக்கு நான் ஓசூருக்குப் பதில் சொல்லணும்ப்பா."

"ஓசூருக்கா? ஓசூர்ல என்ன?"

"வேலை. அங்கயே தங்கிப் பாக்கற வேலை."

அப்பா கையிலிருந்த பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். முகம் சுண்டிப்போயிற்று. "ஏன் கண்ணு? நான் என்ன பண்ணுனேன்?"

"நான் சொல்றதை நீங்க கேக்கலைப்பா."

"இப்பச் சொல்லு. கேக்கறேன்."

சொன்னேன். மெதுவாக, முதலிலிருந்து. காதில் போடுகிற மிஷினை யாரும் இழுத்துப் பிடுங்குவதில்லை, நாள் முழுக்க வியர்வை மட்டும்தான், அதற்குத் தங்கம்தான் சரி. நம் பின்னோ கல்யாணத்துக்குக் கல்யாணம் சொருகிப் பிடுங்கி, தரையில் விழுந்து, மிதிபட்டு வருவது. அதில் மெல்லிய தங்கம் நிற்காது. தேய்ந்து பித்தளை தெரிந்தால் டீலர் நம் பெயரைத்தான் சொல்லித் திட்டுவார். நிக்கலைக் கெட்டியாகப் போட்டால் பல வருஷம் உழைக்கும். சட்டைப் பையில் இன்னும் வைத்திருந்த பச்சைப் பின்னை எடுத்துக் கேட்டார், "அப்ப இது இப்படித்தான் ஆச்சா?" ஆமாம் என்றேன். இடையில் ஒரு தடவைகூட அவர் எழுந்து போகவில்லை. டீ ஆறிப்போயிற்று.

"நிக்கலே போட்டரு" என்றார் அப்பா. "ஸ்வர்ணாங்கற பேரையும் மாத்திப்போடு." அப்புறம், நிஜமாகவே மனம் நொந்து கேட்டார்: "இத்தன வெவரமாச் சொல்றவ, இத்தன நாளா ஏன் கண்ணு இதைச் சொல்லவே இல்ல?"

"மறந்துட்டேன்ப்பா" என்றேன்.